விட்டுப்போன காம்புக்கும் ஒரு நூல்

கந்தோரில் மிஸ்ஸின் மேசைக்கு மேலே சுவரில் அந்தப் பெரிய கடதாசி மாட்டப்பட்ட அன்று, கலேவெலவுக்கு அப்பால் இருக்கும் மிளகாய்ப் பண்ணையில் வேலை செய்கிற அத்தனை பேரும் தேநீர்க் கோப்பையோடு வந்து அதன் முன்னால் நின்றார்கள். நின்று என்ன? ஒருவருக்கும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. செங்குத்தாகச் சில கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் குறுக்கே குட்டிக் குட்டிக் கீறல்கள், பக்கத்தில் ஆங்கில எழுத்துகள். மிளகாயின் குணங்கள் எல்லாம் எந்தக் கோட்டில் எந்த இடத்தில் குடியிருக்கின்றன என்று காட்டுகிற வரைபடம் இது என்று, ஆராய்ச்சி செய்யும் குமுதினி மிஸ் விளக்கினார். காரம் இங்கே. நீளம் இங்கே. காய்ந்த பிறகும் சிவப்பு மங்காத குணம் இந்தப் பக்கம். காய் வானத்தைப் பார்த்து நிற்குமா, மண்ணைப் பார்த்துத் தொங்குமா என்பது, இதோ, இந்தக் கீறலில்.

மார்கிரட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, மிஸ் கடைசியாகக் காட்டிய அந்தக் கீறலின் மேல் வைத்தாள்.

"இதுதான் என் வீடு. வேற யாரும் இதுல கை வெக்கப்படாது," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? மிளகாய்க்குள் வீடு கட்டிய பெண்ணை யார்தான் கண்டிருக்கிறார்கள். ஆனால் மார்கிரட் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இது இரண்டாயிரத்து ஒன்பதில். அந்தக் கீறலின் கதை அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

மார்கிரட் உக்குவளைக்கு மேலே ஒரு றப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போய், ஒரு றாத்தல் மாவுக்குச் சனம் நாயாய் அலைந்த காலத்தில் தாயைப் பறிகொடுத்தாள். தகப்பன் அவளைக் கன்னியாஸ்திரி மடத்தில் கொண்டுபோய் விட்டார். அங்கே அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, ஊசிதான் ஏறியது. சிஸ்டர்மார் பழக்கிய நுணுக்கத் தையல் வேலையெல்லாம் அவள் விரலுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிறகு ஒரு சிஸ்டரோடு கலேவெலவுக்குத் தையல் வகுப்பு நடத்த வந்தாள். எண்பத்தொன்பதில், கிளர்ச்சியும் கொலையுமாக இருந்த காலத்தில், ஊரில் ஒருவரும் வாசல் தாண்டப் பயந்து கிடந்தபோது வகுப்பு மூடப்பட்டது. சிஸ்டர் திரும்பிப் போனார். மார்கிரட் போகவில்லை. விரல் நடுங்காத பெண்கள் மிளகாய்ப் பண்ணைக்குத் தேவை என்று யாரோ சொல்ல, போய் நின்றாள், நின்றவள் நின்றவள்தான்.

பூச்சி நுழையாத வலைக்கூடாரத்துக்குள் அவளுக்கு வேலை இதுதான். நாளைக்கு விரியப்போகிற மொட்டை இன்று பின்னேரமே பிரித்து, உள்ளே இருக்கும் ஆண் பைகளைச் சாவணத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் போச்சு, பூ தன் தூளைத் தானே போட்டுக்கொண்டுவிடும். மறுநாள் காலையில் வேறு சாதிச் செடியின் பூத்தூளைக் கொண்டுவந்து தடவி, காம்பில் வெள்ளை நூல் கட்ட வேண்டும். அட்டை கட்டினால் அந்தக் கனத்துக்கே மிளகாய்ப் பூ உதிர்ந்துவிடும், அதனால்தான் நூல். நூல் இருந்தால் அது கலப்புக் காய். நூல் இல்லாவிட்டால் தானாகக் காய்த்தது. இவ்வளவுதான் சட்டம்.

"ஊருல ஈக்கிற கொச்சிக்காய்க்கெல்லாம் கலியாணம் முடிச்சி வெக்கிறாய், ஒனக்கு மட்டும் ஒண்டும் சரிவருதில்லையே புள்ள," என்று, பண்ணை வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் அப்துல் ஸமத் அடிக்கடி வாயைக் கிளறுவார்.

"கொச்சிக்கா மாப்பிள்ள எதுத்துப் பேசாது நானா. கருவாடு எங்கேன்னும் கேக்காது. அப்பிடி ஒருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்," என்பாள் அவள்.

அவளுக்கும் சம்பந்தங்கள் வராமல் இல்லை. ஒருத்தன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். இன்னொருத்தன் சீதனம் என்று வாயைத் திறந்தான். இவள் தன் வாயைத் திறந்ததும் அவன் பஸ் ஏறிவிட்டான். அதற்குமேல் அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஊர்க் கடை ஒன்றுக்குப் பின்னால் வாடகைக்கு ஒரு அறை, ஒரு ரேடியோ, ஞாயிற்றுக்கிழமை கோயில், மாதத்துக்கு ஒருமுறை தம்புள்ளைக்குப் போய்ப் படம். யுத்தம் நடக்கிற நாட்டில், செக்பொயின்ட்டில் பெயரைச் சொல்லும்போது மட்டும், தமிழ் ஆள் என்று தெரிந்துவிடுமே என்று பயம் வரும். மற்றபடி நிம்மதியான சீவியம்தான், அதை ஒளிப்பானேன்.

இரண்டாயிரத்து ஆறில் குமுதினி மிஸ் வெளிநாட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு ஒரு திட்டத்தோடு வந்து இறங்கினார். இரண்டு மிளகாயைக் கலக்க வேண்டும். பிறக்கும் பிள்ளையைத் தானாகக் காய்க்கவிட்டுப் பேரப்பிள்ளைகளை எடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகளில்தான் குணங்கள் எல்லாம் பிரிந்து பிரிந்து தெரியும். அவற்றின் இலைகளைப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, எந்தக் குணம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால், பிறகு நாற்றிலேயே நல்ல செடியைத் தெரிந்தெடுத்துவிடலாம். காய்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கலக்க வேண்டிய ஒன்று பண்ணையிலேயே இருந்தது. குட்டைக் காய், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். மற்றது லக்கலப் பக்கத்தில், காடெரித்துப் பயிரிட்ட சேனை ஒன்றில் கிடைத்தது. நீளக் காய், மண்ணைப் பார்த்துத் தொங்கும், காய்ந்து வருஷமானாலும் சிவப்பு மங்காது. மிஸ்ஸும் மார்கிரட்டும் ஜீப்பில் முதுகு உடைய உடையப் போய், சேனைக்காரப் பெண் ஒருத்தியிடம் ஒரு பிடி விதை வாங்கி வந்தார்கள். அடுத்த மாதமே யானைக் கூட்டம் அந்தச் சேனையை மிதித்துப் போட்டுவிட்டது என்றும், அந்தப் பெண் எங்கேயோ போய்விட்டாள் என்றும் செய்தி வந்தது.

அப்போது ஒரு தர்க்கம் நடந்தது. லக்கல மிளகாயைத் தாயாக வைப்போம் என்றார் மிஸ். மார்கிரட் ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள்.

"மிஸ், அதோட பூ எலைக்கு அடியில தொங்குது. குந்திக் குந்தி, கழுத்தத் திருகித் திருகிப் பார்க்கணும். எனக்கு என்ன சின்ன வயசா? நிக்கிறதே அம்மாவா இருக்கட்டும். அதோட பூ நம்ம மூஞ்சியப் பார்த்துக்கிட்டு நிக்குது, நின்ன எடத்துலேயே வேலைய முடிச்சிருவேன்."

இதில் ஒரு விஞ்ஞானமும் இல்லை, சுத்தமான சோம்பேறித்தனம். வரைபடத்துக்கு எது தாயானாலும் ஒன்றுதான் என்பதால் மிஸ் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷக் கடைசியில் ஊரெல்லாம் சிக்குன்குனியா. மார்கிரட்டையும் அது விட்டுவைக்கவில்லை. காய்ச்சல் போன பிறகும் விரல் மூட்டுகளில் வலி போகவில்லை. காலையில் கோப்பையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வரும். சொன்னால் வேறு யாரையாவது கூடாரத்துக்குள் விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவள் மூச்சுவிடவில்லை. ஒரு மொட்டுக்கு எடுக்கிற நேரம் இரண்டு மடங்காகிவிட்டது. சில நாட்களில் மொட்டு கொஞ்சம் முற்றிவிட்டதோ என்று மனம் குத்தும். இருந்தாலும் கிள்ளினாள், தடவினாள், கட்டினாள்.

லக்கலச் செடிகளின் பூவெல்லாம் தூளுக்கே போய்விட்டதால் அவற்றில் ஒரு காயும் பிடிக்கவில்லை. மார்கழி மழையில் வேர் அழுகி அவை செத்துப்போயின, வாங்கி வந்த விதையும் மிச்சமில்லை. பரவாயில்லை, தகப்பன் போனாலும் பிள்ளைகள் காம்பில் இருக்கின்றன, நூல் கட்டிப் பத்திரமாக இருக்கின்றன என்று மிஸ் தைரியம் சொன்னார்.

புதுவருஷம் பிறந்ததும் பண்ணைக்குக் காப்பாக வழக்கம்போல பௌத்த மந்திரமான பிரித் ஓதினார்கள். போன போகத்தில் இலைச்சுருட்டை நோய் வயிற்றில் அடித்திருந்ததால் இந்த முறை ஆர்வம் கூட. விகாரையிலிருந்து ஹாமுதுருமார், பிக்குகள், வந்து ஓதி முடித்ததும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் வெள்ளைப் பிரித் நூல் கட்டினார்கள். செடிகளுக்கு மருந்து அடிக்கும் சோமாவதி கட்டிக்கொண்டாள், கத்தோலிக்கர்களும் கட்டிக்கொண்டார்கள். மார்கிரட் மட்டும் கையை நீட்டவில்லை.

"கையில நூல் கெடந்தா பூவுல படும். எனக்கு வேணாம்," என்று விலகிக்கொண்டாள்.

அன்று ஆட்கள் உட்கார வாங்கு தூக்கிப் போடுவதில் ஓடியாடி வேலை செய்தவன் கிறிஸ்தோபர். உக்குவளை ஆள், பண்ணைக் காவலுக்கு வாச்சராக வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நோயாளித் தாயைக் கடைசிவரை பார்த்ததில் கல்யாண வயது கடந்துபோன மனிதன். பேச்சு மெதுவாக வரும், ஆனால் செய்கிற வேலையில் ஒரு குறை இருக்காது. போகும்போது பெரிய ஹாமுதுரு மிஞ்சிய நூல் உருண்டையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து ஞாயிறும் பௌர்ணமிப் போயா லீவும் சேர்ந்து வந்தன. பண்ணையில் கிறிஸ்தோபரைத் தவிர ஈ காக்காய் இல்லை. லீவு முடிந்த காலையில் சோமாவதி நேரத்தோடு வந்து, வலைக்கூடாரத்துச் செடிகளுக்குக் கந்தக மருந்தை அடித்துவிட்டுப் போனாள். அதன் பிறகு மார்கிரட் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்தக் காம்பைப் பார்த்தாலும் நூல். பிஞ்சுக்கு நூல், பழத்துக்கு நூல், நேற்று விரிந்த பூவுக்கும் நூல். மருந்து பட்டு எல்லா நூலும் ஒரே நிறம்.

"அடப் பாவிகளா! யார் செஞ்ச வேல இது?"

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கிறிஸ்தோபர் ஓடி வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான்தாங்க. வடிவா இருக்குங்களா?"

"யாரு ஒங்கள கட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. ஹாமுதுரு குடுத்த நூல் மிச்சம் கெடந்துச்சு. இங்க வந்து பார்த்தா கொஞ்சக் காய்க்கு மட்டும் கட்டியிருக்கு. பிரித் நூல் பத்தாமப் போயிருச்சுன்னு நெனச்சேன். ஒரு வீட்டுல நாலு பிள்ளைக்குக் கட்டிட்டு, மிச்சப் பிள்ளைங்கள அப்பிடியே விட்டா அதுங்க மனசு என்னாகும்? பாவமில்லீங்களா? அதான் விட்டுப்போனதுக்கெல்லாம் நானே கட்டிட்டேன்."

மார்கிரட் இரண்டு காம்புகளைச் சேர்த்துப் பிடித்து அவன் முன்னால் நீட்டினாள். "சரி, என் முடிச்சு எது, ஒங்க முடிச்சு எது? அதையாவது காட்டுங்க."

கிறிஸ்தோபர் தலையைச் சொறிந்தான். "ஒங்க முடிச்சப் பார்த்துப் பார்த்து அதே மாதிரிதாங்க கட்டினேன். ஒண்ணு ஒரு மாதிரி, இன்னொண்ணு ஒரு மாதிரின்னா நல்லாயிருக்காதேன்னு."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மனிதன் கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு ஆறியிருக்கலாம். இந்த நல்ல மனசை என்ன சொல்லி ஏசுவது? ஆனாலும் ஏசினாள். மாட்டுக்கு இருக்கிற மூளைகூட இல்லையா, கேட்டுவிட்டுச் செய்தால் வாயா தேய்ந்துபோகும் என்று, கூடாரம் அதிர ஏசினாள். அவன் துவாயைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

சத்தம் கேட்டு ஸமத் நானா வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"யா அல்லாஹ்! ஒரு போகத்து வேலையும் நாசமாப் போச்சே! தகப்பன் செடியும் மௌத்து, இனி எங்க போய்த் தேடுற? நீ இண்டைக்கே சாமானக் கட்டு!" என்று கத்திவிட்டு, மிஞ்சிய நூல் உருண்டையையும் பறித்துக் கந்தோர் மேசை லாச்சியில் பூட்டினார். மேலிடத்துக்கு எழுதும்போது அது சாட்சியாம்.

குமுதினி மிஸ் வந்தார். கூடாரத்துக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். ஒரு காம்பின் நூலை நிமிண்டிப் பார்த்தார். பிறகு சட்டென்று தலையை நிமிர்த்தினார்.

"மார்கிரட், இதில் அம்மா எது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நிக்கிறதுதான் மிஸ். நான்தானே அடம்பிடிச்சேன்."

மிஸ் சிரிக்கத் தொடங்கினார். இந்த மிஸ்ஸுக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று ஸமத் நானா பயந்தே போனார். பிறகுதான் மிஸ் விளக்கினார். தொங்குகிற குணமும் நிற்கிற குணமும் ஒரே செடிக்குள் சேர்ந்தால் தொங்குகிறதுதான் ஜெயிக்கும். தகப்பன் தொங்குகிறவன். அவன் தூள் ஏறின பிள்ளை தலை குனியும். ஏறாமல் தானாகக் காய்த்த பிள்ளை அம்மா மாதிரியே வானத்தைப் பார்க்கும். எல்லாக் காயிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் விதை எடுத்துப் போடுவோம். பூக்கும்போதே தெரிந்துவிடும்.

"லக்கல மிளகாயை அம்மாவாக வைத்திருந்தால் கலந்ததும் தொங்கும், கலக்காததும் தொங்கும். தலையில் கை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மார்கிரட்டின் கழுத்து வலிக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும்," என்றார்.

ஸமத் நானாவுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. தொங்குகிற செடி ஒன்றும் வராவிட்டால் வாச்சரும் போக வேண்டும், திட்டத்தையும் மூட வேண்டும் என்றார். அதுவரை கிறிஸ்தோபர் இருக்கட்டும், இத்தனை நாற்றுக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாமா என்று மிஸ் முடித்துவைத்தார்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது, மார்கிரட்டைத் தவிர. பின்னேரம் குளக்கட்டு வழியாக வீட்டுக்கு நடக்கும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது. நூல் எத்தனை கட்டினால்தான் என்ன? நூலால் பிள்ளை மாறப்போவதில்லை. காய்க்குள் தகப்பன் இருந்தால் இருப்பான், இல்லாவிட்டால் இல்லை. நாளைக்கு ஒரு செடிகூடத் தலை குனியாமல் போனால், அது வாச்சர் செய்த குற்றமில்லை. மூட்டு வலியோடு, முற்றின மொட்டைப் பிரித்து, யாருக்கும் சொல்லாமல் நூலைக் கட்டிய அவள் கையின் குற்றம். ஊருக்கு முன்னால் ஏசியது அவள், பழியைச் சுமந்துகொண்டு தண்ணீர் ஊற்றப்போவது அவன். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சிறுபோகத்துக்கு நாற்றுப் போட்டார்கள். பாத்தி பாத்தியாக, பண்ணையின் பாதி நிலத்துக்கு நட்டார்கள். கிறிஸ்தோபர் தன் காவல் முறை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் தண்ணீர் ஊற்றினான். மார்கிரட்டை அவன் அக்கா என்றும் கூப்பிடுவதில்லை, தங்கச்சி என்றும் கூப்பிடுவதில்லை. எப்போது பார்த்தாலும் "இந்தாங்க"தான். இந்தாங்க, இந்த எலை ஏன் சுருளுது? இந்தாங்க, வெயில்ல நிக்காதீங்க. கட்டினவளைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று சோமாவதி இதைக் கவனித்துவிட்டாள். பெயரில்லாத பெண்ணே என்று மார்கிரட்டைக் கேலி செய்தாள்.

"வஹாக்கோட்டை அந்தோனியாருக்கு நேந்திருக்கேங்க. காணாமப் போனதக் கண்டுபிடிச்சுக் குடுக்குறவரு அவரு. நான் தொலைச்ச காய அவருதான் தேடிக் குடுக்கணும்," என்றான் ஒருநாள், வாளியை இறக்கி வைத்துவிட்டு.

நான் தொலைச்ச காய் என்கிறானே! மார்கிரட்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மாமரத்தடியில் அவனை உட்காரச் சொன்னாள். காய்ச்சல் வந்தது, விரல் மடங்காமல் போனது, மொட்டு முற்றினது, பயத்தில் ஒளித்தது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஒண்ணும் தொங்காட்டி அது ஒங்க குத்தம் இல்ல. என் கை குத்தம். நான் மிஸ்கிட்டயும் சொல்லிர்றேன். நீங்க எனக்காக ஏச்சு வாங்க வேணாம்."

கிறிஸ்தோபர் அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"கை இப்பவும் நோவுதுங்களா?"

"நான் என்ன சொல்றேன், நீங்க என்ன கேக்குறீங்க!"

"தொங்குறதும் தொங்காததும் அந்தோனியார் பார்த்துக்குவாரு. கை நோவுதான்னுதான் கேட்டேன்."

அவளுக்குச் சட்டென்று அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கவிடாமல் ஒளித்ததும் அவள்தான், அது வேறு கதை. மறுநாள் அவன் ஒரு சீசாவில் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, அவள் சாவணப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அவளும் சொன்ன சொல் தவறாமல் மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் அவளுடைய விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா பைத்தியமே என்று கடிந்துகொண்டார். இனிப் பூ வந்தால்தான் தெரியும் என்றார்.

பூ வந்தது. முதல் பூ நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. அடுத்த செடியில் அடுத்த பூ, அதுவும் வானம்தான். ஸமத் நானா காலைதோறும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வருவார்.

"நிக்கிது," என்பார். இரண்டடி வைப்பார். "இதும் நிக்கிது."

மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் நடக்கத் தொடங்கினார்கள். கிறிஸ்தோபர் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டான் என்று சோமாவதி சொன்னாள். பிரித் ஓதும் முன்பு யாரென்றே தெரியாத மனிதன். ஆனாலும் அந்தப் பெட்டியின் நினைப்பு மார்கிரட்டை விடவில்லை. போனால் போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள், மனம் கேட்கவில்லை. தன் கை கெட்டுப்போனதற்கு ஒரு பங்கும், அவன் போவதற்கு இன்னொரு பங்குமாகத் துக்கப்பட்டாள். எந்தப் பங்கு பெரியது என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரிந்திராது.

அந்தோனியார் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் ஒருநாள் காலை, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துக் கடைசிப் பாத்தியில் ஒரு செடியைக் கண்டாள். இலைக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூ வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் இருந்தும் தண்ணீர் ஊற்றவில்லையா என்று சலித்துக்கொண்டே அதை ஒரு விரலால் நிமிர்த்தினாள். விரலை எடுத்தாள், பூ குனிந்தது. இலையைத் தொட்டுப் பார்த்தாள். இலை விறைப்பாக இருந்தது, வாட்டமே இல்லை. மறுபடியும் பூவை நிமிர்த்தினாள். மறுபடியும் அது தலையைக் குனிந்துகொண்டது.

"கிறிஸ்தோபர்! கிறிஸ்தோபர், ஓடி வாங்க!"

அவனுடைய பெயரை அவள் வாயில் பண்ணை கேட்டது அதுதான் முதல் தடவை. வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தவன் முழங்காலில் விழுந்து, இலைக்கு அடியில் முகத்தை வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிலுவை போட்டான். பக்கத்துச் செடியில் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று. அந்தப் பாத்தியில் கலப்புக் காய்களின் விதைகள் விழுந்திருந்தன போலும், வரிசை வரிசையாகத் தலை குனிந்து நின்றன.

அந்த வாரம் முழுக்க அங்கும் இங்குமாகக் குனிந்துகொண்டே இருந்தன. பேரப்பிள்ளை எடுக்க ஒன்றிரண்டு நல்ல செடி இருந்தாலே போதும், இங்கே ஒரு கூட்டமே இருக்கிறது என்று மிஸ் பாத்திக்கு நடுவில் நின்று கை தட்டினார். மூட்டு வலியோடு செய்த கைக்கு இது அதிகமே என்று மார்கிரட்டின் முதுகில் ஒரு தட்டும் கொடுத்தார். மார்கிரட் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பொய் சொல்லாத விரல்கள் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

ஸமத் நானாவும் வந்தார். குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"தொங்குதுதான்," என்று ஒத்துக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். இனி இந்தப் பண்ணைக்குள்ள வெள்ள நூலே வரப்படாது, சொல்லிட்டன். சிவப்பு நூல் எடுங்க."

கந்தோருக்குப் போய் லாச்சியைத் திறந்து, அந்த நூல் உருண்டையை எடுத்து வந்து கிறிஸ்தோபரின் கையில் போட்டார்.

"இந்தா ஒண்ட சாட்சி. கொண்டு போ. கொச்சிக்காப் பக்கம் மட்டும் போயிராத."

எல்லோரும் சிரித்துக்கொண்டே தேநீருக்குப் போனார்கள். கிறிஸ்தோபர் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் வலைக்கூடாரத்து வாசலில் நின்றான். மார்கிரட்டும் போகவில்லை.

"அத என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"தெரியலீங்க. எல்லாத்துக்கும் கட்டியாச்சே."

"எங்க எல்லாத்துக்கும் கட்டினீங்க? பிரித் ஓதின அன்னிக்கு இந்தப் பண்ணையில ஒரு ஆளுக்கு மட்டும் யாரும் கட்டல. விட்டுப்போனதுங்களக் கண்டா ஒங்களுக்குப் பாவமா இருக்குமே. இது மட்டும் கண்ணுல படலியா?"

அவள் வலது கையை நீட்டினாள். கிறிஸ்தோபர் அந்தக் கையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் கையைப் பார்த்தான். மெதுவாகத்தான் எதுவும் விளங்குகிற மனிதன். விளங்கியதும் காது மடல்வரை சிவந்துபோனான்.

"கையில நூல் கெடந்தா பூவுல படுமே, மார்கிரட்," என்றான்.

"படட்டும்," என்றாள் அவள்.

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். அவசரப்படாமல், அவள் பூக்களுக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டான்.